தறி போக மீதி இடம்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் முதல் குடித்தனக்காரர் தறிதான். கூடத்தின் நல்ல வெளிச்சமும் நல்ல காற்றும் அதற்குத்தான். மனிதர்கள், பானை சட்டி, பாய் தலையணை, பள்ளிக்கூடப் பை, பட்டு, ஜரிகை எல்லாம் தறி போக மீதியுள்ள இடத்தில் அடங்கியாக வேண்டும். நான் பிள்ளையார்பாளையம் பக்கம் தறி பூட்டிக் கொடுக்கும் ஆசாரி. தறிச் சட்டம் செய்வது பாதி வேலை. "ஆசாரி, எங்கேயாவது ஒரு பரண் போட வழியிருக்கா பாருங்க" என்று வீட்டுக்காரம்மா கேட்பது மீதிப் பாதி. என் தகப்பனாருக்கும் இதே கதைதான். காஞ்சிப் பட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அந்தப் பட்டை நெய்த வீடு தனக்குள் எப்படி இடம் தேடிக்கொண்டது என்பதைச் சொல்ல ஆசாரிக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நெசவுத் தெருக்கள் இங்கே நேற்று முளைத்தவை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கச்சிப்பேடு என்று அது குறிக்கும் காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயிலின் அறக்கட்டளைக் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நெசவாளர் சேரிகளில் குடியிருந்தவர்களிடம் இருந்ததை அது சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை என்று தறிக்கே தனி வரி உண்டு. பிறகு விஜயநகர காலத்தில் தெலுங்கு, கன்னட நாட்டு நெசவுக் குடிகளும் வந்து சேர்ந்தார்கள். தெருக்கள் பெருகின. வீடுகள் நெருங்கின.

தெருவை நேராகவும் நீளமாகவும் விட்டது பாவுக்காக, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்காக. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பாவைத் தெருவில் விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். வீட்டுக்குள் செய்ய முடியாத வேலையைத் தெரு செய்து கொடுத்தது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருமுகம் வேண்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வீட்டைக் குறுக்கே பிரிப்பதில்லை, நீளவாக்கில்தான் பிரிப்பார்கள். குறுக்கே பிரித்தால் ஒருவருக்குத் தெரு போய்விடுமே! இரண்டு மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினைக்குப் பிறகு வீட்டின் அகலம் ஒரு தறியும் ஒரு ஆள் ஒதுங்கிப் போகிற வழியும் என்று சுருங்கி நின்றது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஜன்னல் வைக்க இடமில்லை. முற்றத்திலிருந்தும் தறிக்கு மேலே பதித்த கண்ணாடி ஓட்டிலிருந்தும்தான் வெளிச்சம்.

அந்தக் காலத்து ஆட்கள் இந்த நெருக்கடிக்குத் தரையையே தோண்டி வழி கண்டார்கள். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்கிறார். தறி தரையோடு தாழ்ந்துவிடுவதால் மேலே உள்ள உயரம் முழுக்க வீட்டுக்கு மிச்சம். குழியின் பக்கச் சுவரில் சின்னதாக ஒரு மாடம். தார்க்குச்சி, கத்தரி, தண்ணீர்க் கிண்ணம் அதில் இருக்கும். நெய்ய வேண்டிய மீதிப் பாவை மூட்டையாகக் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டு, கயிற்றின் நுனியை நெய்பவர் கைக்கு எட்டும்படி முடிந்து வைப்பார்கள். துணிமணிக்குக் கொடி மூங்கில், மோருக்கு உறி, விளக்குக்குச் சுவர் மாடம், பிள்ளைக்குத் தூளி. தரையில் வைத்தால் தறிக்கு இடைஞ்சல் என்பதால் பாதிக் குடும்பம் அந்தரத்தில்தான் நடந்தது. பின்கட்டுக்குப் போகும் நடைக்கு மேலே, பனஞ்சட்டம் போட்டு ஒரு பரண்.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஜக்கார்டு என்ற டிசைன் பெட்டி. அதற்கு முன்னால் இருந்தது அடை. சேலையில் விழ வேண்டிய பூவையும் யாளியையும் நூல் முடிச்சுகளாகக் கட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து முறைப்படி இழுக்க, நெய்பவர் நாடாவை ஓட்டுவார். வேலை முடிந்தால் அடையைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடலாம். ஒரு சேலையின் டிசைன் முழுவதும் ஒரு நூல் கட்டுக்குள் அடங்கும். ஜக்கார்டு வந்ததும் இழுக்கிற பையனின் வேலை போயிற்று, அது நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டி தறிக்கு மேலே உயரத்தில் உட்கார வேண்டும். அதிலிருந்து நூல்கள் நேராக இறங்கவும் உயரம் வேண்டும். வீட்டுக்கு மிச்சமாக இருந்த அந்தரம் ஒரே நாளில் பறிபோனது.

ஜோசப் மரி ஜக்கார்டு இந்தப் பெட்டியைச் செய்துகாட்டியது 1804-ல், பிரான்சின் லியோன் நகரத்தில். அங்கே குருவா ரூஸ் குன்றில் பட்டு நெசவாளர்களுக்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வீடுகளில் மச்சு உயரம் சுமார் 4 மீட்டர், அதாவது 13 அடி. பெட்டி நிற்க அவ்வளவு தேவை. அந்த உயரத்திலேயே ஒரு ஓரமாகப் பலகை பரப்பிப் பரண் கட்டி, குடும்பம் அதில் படுத்துக்கொண்டது. அங்கே இயந்திரத்துக்கு ஏற்ப வீட்டைக் கட்டினார்கள். இங்கே வீடு ஏற்கெனவே இருந்தது, இயந்திரம் பிறகு வந்தது. கழிக்கோலையும் உத்திரத்தையும் மாற்றிப் பெட்டியைச் செருகும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. நாட்டு ஓட்டைப் பிரித்து மங்களூர் ஓடு போடும் சாக்கில் கூரையை ஒரு முழம் உயர்த்திக்கொண்ட வீடுகள் எத்தனையோ.

பெட்டிக்கு இடம் கிடைத்தது, அட்டைக்கு? ஜக்கார்டில் ஒவ்வொரு இழை ஓட்டத்துக்கும் துளையிட்ட ஓர் அட்டை. பெரிய முந்தானை டிசைன் என்றால் நூற்றுக்கணக்கான அட்டைகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். டிசைன் பழசாகிவிட்டதென்று யாரும் அட்டைக்கட்டை எறிவதில்லை. பத்து வருஷம் கழித்து அதே மாங்காய்ப் பூவைக் கேட்டு ஆள் வருவார். ஆகவே கட்டுகள் சேர்ந்துகொண்டே போகும்.

அட்டைக்குப் பரண் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலாவது, தறியின் கால்களில் பரணைத் தாங்கவிடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் தறி அதிரும். பரணில் இருக்கும் தூசியெல்லாம் பாவில் கொட்டும். தனிக்கால் கொடுக்க வேண்டும். அடியில் மூங்கில் தட்டி வைத்து அடைத்துவிட வேண்டும். கண்ணாடி ஓட்டை மறைக்கவே கூடாது. இரண்டாவது, அட்டை ஈரத்தில் உப்பும். உப்பினால் ஊசி துளைக்குள் சரியாக இறங்காது, பூ உடையும். அதனால் அட்டைப் பரண் அடுப்பங்கரைக்குப் போகும் நடைக்கு மேலே; அங்கே எப்போதும் ஒரு கதகதப்பு இருக்கும். மூன்றாவது, ஜரிகைக்கு இதற்கு நேர் எதிர். ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன் பூசியது; புகை பட்டால் கறுக்கும். சூரத்திலிருந்து வந்த காலத்திலும் சரி, 1971-ல் தமிழ்நாடு ஜரிகை ஆலை இங்கேயே தொடங்கிய பிறகும் சரி, மார்க் என்ற எடைக் கணக்கில் வாங்கிய ஜரிகை முன்கட்டில், தரைக்கு மேலே, மூடியுள்ள மரப்பெட்டிக்குள்தான். பெட்டி மூலையில் ஒரு துண்டு வசம்பு. அட்டையையும் ஜரிகையையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லும் வீட்டில் நான் வேலைக்கு ஒப்புக்கொள்வதில்லை.

மேலே பரணின் கதை இது; கீழே குழிக்கு எதிரி ஐப்பசி, கார்த்திகை மழை. 2015-ல் பெய்த பெருமழையில் குழிகளில் ஊற்றெடுத்து எத்தனையோ வீடுகளில் தறி நின்றது. தண்ணீரில் நின்ற தறிக்கால் உடனே கெட்டுவிடாது. வடிந்து காய்ந்து, மறு வருஷம் நனைந்து, மறுபடி காயும்போது தரை மட்டத்தில் உளுத்துப்போகும். எப்போதும் மூழ்கியே இருக்கும் மரத்துக்கு அந்தக் கேடு குறைவு. காற்றுப் படாத இடத்தில் பூஞ்சை பிடிக்காது. இதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில், நீராழி மண்டபத்துக்கு அடியில் இருக்கும் அத்தி வரதர். அத்திமரத் திருமேனி. 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுவார். 1979-க்குப் பிறகு 2019-ல் 48 நாள் தரிசனம் தந்துவிட்டு மறுபடி நீருக்குள் போனார். பக்தர்கள் அதில் வேறு ஆயிரம் காண்பார்கள். ஆசாரி கண்ணுக்கு அது மரத்தை வைக்கத் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

இப்போது ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வீடுகள் வருகின்றன. சில தறிகளில் மின்னணு ஜக்கார்டு வந்து, பரண் நிறைய இருந்த அட்டைகள் ஒரு பென் டிரைவுக்குள் போய்விட்டன. அட்டைக்கு இனி இடம் தேட வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் பெட்டிக்கு உயரம் இன்னும் வேண்டும். நெசவாளருக்கென்று கட்டிய புது வீடுகளிலேயே 9 அடி மச்சு போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி ஏறாது. நெய்பவர் தறியை விற்றுவிட்டுக் கூலித் தறிக்குப் போகிறார், இல்லை வேறு வேலைக்கே போய்விடுகிறார். கூலி குறைவு, பட்டு விலை, விசைத்தறிப் போட்டி என்று தறி குறைவதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். மச்சில் குறைந்துபோன மூன்றடி உயரத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆகவே காஞ்சிபுரத்தில் நெசவாளருக்கு வீடு கட்டுகிறவர்கள், அரசோ தனியாரோ சொந்தக்காரரோ, யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். கூடத்துக்கு 12 அடி உயரம் விடுங்கள். தறிக்கு 6 அடி அகலம், கரையைக் கோத்து நெய்ய உதவும் கோர்வைக்காரர் பக்கத்தில் உட்கார இன்னும் 2 அடி. குழியைத் தெரு மட்டத்துக்கு மேலே எடுங்கள். பின்னால் ஒரு பரணுக்கு இரண்டு கொக்கி விட்டு வையுங்கள். கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு ஒரு தறி ஆசாரியைக் கூப்பிட்டு அளவு கேளுங்கள். அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை.