காய்கனிப் பரிந்துரைத் திட்டம்

காய்கனிப் பரிந்துரைத் திட்டம் என்பது, வருமானம் குறைந்த நோயாளி ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ மருத்துவமனையில் எழுதித் தரப்படும் சீட்டின்பேரில், புதிய பழங்களையும் காய்களையும் இலவசமாகவோ சலுகை விலையிலோ வாங்கிக்கொள்ள வழிசெய்யும் மானிய ஏற்பாடாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்து அங்கே பரவலாக நடைமுறையில் உள்ள இத்திட்டம், அந்நாட்டில் ‘உணவே மருந்து’ என்ற பெயரால் அறியப்படும் மருத்துவக் கொள்கையின் ஒரு கிளை. நோய்க்கேற்பச் சமைத்து வீட்டுக்கு அனுப்பப்படும் சாப்பாடும், நோய்க்கேற்பத் தொகுத்துத் தரப்படும் மளிகைப் பொருள்களும் அக்கொள்கையின் பிற கிளைகள். அவற்றைப் போலன்றி, எந்தக் காயை வாங்குவது, அதை எப்படிச் சமைப்பது என்னும் முடிவு இத்திட்டத்தில் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலேயே விடப்படுகிறது.

அமெரிக்கா போன்ற செல்வநாட்டில் இப்படியொரு மானியம் ஏன் தேவைப்பட்டது என்பதை அந்நாட்டு வேளாண்துறையின் கணக்குகள் காட்டுகின்றன. ஆண்டின் ஏதேனும் ஒரு காலத்திலாவது போதிய உணவு வாங்கப் பணமின்றித் தவிக்கும் நிலை ‘உணவுப் பாதுகாப்பின்மை’ எனப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் 13.5 விழுக்காட்டுக் குடும்பங்கள், அதாவது ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் குடும்பங்கள், அந்நிலையில் இருந்தன. வருமான ஏணியின் அடியிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினர் தம் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பகுதியை உணவுக்கே செலவிடுகின்றனர். கையில் உள்ள பணத்துக்கு அதிகம் வயிறு நிறைவது மாவுப் பண்டங்களாலும் எண்ணெயில் பொரித்தவற்றாலும்தான். காயும் கனியும் விரைவில் கெடுபவை, குழந்தை உண்ண மறுத்தால் வீணாகிவிடுபவை. ஆகவே நெருக்கடி வரும்போது வாங்கும் பட்டியலிலிருந்து அவையே முதலில் நீக்கப்படுகின்றன. இதை அறியாமை என்று கொண்டு அறிவுரை மட்டும் வழங்கிய பழைய சுகாதாரப் பிரசாரங்கள் பெரும்பயன் தராததற்குக் காரணம், குறை பணத்தில் இருந்ததேயன்றி அறிவில் இருக்கவில்லை என்பதுதான்.

மருத்துவச் சீட்டில் உணவை எழுதும் வழக்கத்தின் நன்கறியப்பட்ட முன்னோடி முயற்சி மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் 1887இல் நிறுவிய மவுண்ட் பையூ என்னும் சிற்றூரில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில், கூட்டரசின் வறுமை ஒழிப்பு நிதியைக் கொண்டு, மருத்துவர் ஜாக் கைகர் 1967இல் ஒரு சமூக நல மருத்துவ மையத்தைத் திறந்தார். பருத்தி வயல்களில் இயந்திரங்களும் களைக்கொல்லிகளும் புகுந்ததால் வேலையிழந்த, வாரத்துக்குப் பயிரிட்டு வந்த கறுப்பினக் குடும்பங்கள் பசியில் வாடிய காலம் அது. ஊட்டமின்றி மெலிந்து, தொற்றுநோய்க்கு மீண்டும் மீண்டும் ஆளாகி வந்த குழந்தைகளுக்கு, அம்மைய மருத்துவர்கள் பால், காய்கறி, இறைச்சி ஆகியவற்றை மருந்துபோலவே சீட்டில் எழுதினர். உள்ளூர் மளிகைக் கடைகள் அச்சீட்டைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடுத்தன. கடைக்காரருக்குரிய தொகை மையத்தின் மருந்தக நிதியிலிருந்து வழங்கப்பட்டது. நிதி வழங்கிய அரசு அலுவலகம் இதை எதிர்த்து, மருந்தக நிதி நோய்க்கு மருந்து வாங்குவதற்கே உரியது என்று வாதிட்டபோது, ஊட்டக்குறைவு என்னும் நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் சிகிச்சை உணவுதான் என்று கைகர் விடையளித்தார். எதிர்ப்பு அத்துடன் அடங்கியது.

அங்கு நடந்தது சீட்டு எழுதுவதோடு நின்றுவிடவில்லை என்பது பிற்கால வரலாறுகளில் போதிய அளவு பேசப்படாத செய்தி. மையத்தின் சமூகப் பணிகளை முன்னின்று நடத்திய ஜான் ஹாட்ச் என்பவரின் துணையுடன், வேலையிழந்த குடும்பங்கள் ஒன்றுகூடி வட பொலிவர் வட்டாரப் பண்ணைக் கூட்டுறவை அமைத்து, பருத்திக்குப் பெயர்பெற்ற அதே மண்ணில் தமக்கான காய்கறிகளைப் பயிரிட்டன. இன்றைய திட்டங்கள் கைகரின் சீட்டை மரபாகக் கொண்டனவே தவிர, அந்தக் கூட்டுறவை மிக அரிதாகவே பின்பற்றியுள்ளன. இது இழப்பென்றே கருதத்தக்கது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் உணவு உதவியும் மருத்துவ உதவியும் தனித்தனித் துறைகளின் வழியே சென்றன. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற உணவு முத்திரைத் திட்டம் 2008இல் ‘ஸ்னாப்’ எனப் பெயர் மாறியது. ஏழை முதியோருக்கும் குழந்தைகளுக்கும் பிறருக்கும் உரிய மருத்துவக் காப்பீடான ‘மெடிகெய்டு’ 1965இல் பிறந்தது. ஒன்று உணவைத் தந்தது, மற்றது உணவின்மையால் வந்த நோய்க்கு மருந்து தந்தது. இவ்விரண்டையும் மீண்டும் இணைக்கும் முயற்சியில் முக்கியப் பங்கு, சமையற்கலைஞர் மிஷேல் நிஷானும் முன்னாள் வேளாண்துறை அதிகாரி கஸ் ஷூமாக்கரும் 2007இல் தொடங்கிய ‘ஹோல்சம் வேவ்’ என்னும் தொண்டு நிறுவனத்துக்கு உண்டு. மருத்துவமனைச் சீட்டை உழவர் சந்தைகளோடு பிணைத்த நவீன வடிவம் அவர்கள் முயற்சியால் பல மாநிலங்களுக்குப் பரவியது. அதே காலத்தில் விலைச்சலுகையின் பயனும் சோதிக்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்டன் வட்டாரத்தில் 2011–12இல் நடந்த ஆய்வில், குலுக்கல் முறையில் தெரிவான ஸ்னாப் குடும்பங்களுக்குக் காய்கனிக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தரப்பட்டது; அவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 26 விழுக்காடு கூடுதலாகக் காய்கனி உண்டனர். இத்தகைய அனுபவங்களின் பின்னணியில், 2014ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் காய்கனி ஊக்கத்தொகைக்கு 5 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கியது. 2018ஆம் ஆண்டின் சட்டம் அதை 25 கோடி டாலராக உயர்த்தி, முந்திய ஆண்டு மறைந்த ஷூமாக்கரின் பெயரைத் திட்டத்துக்குச் சூட்டி, ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குவரை மருத்துவப் பரிந்துரைத் திட்டங்களுக்குச் செல்ல வழிவகுத்தது.

நடைமுறையில் திட்டம் பொதுவாக இரண்டு கேள்விகளோடு தொடங்குகிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில், மீண்டும் வாங்கப் பணம் கிடைக்குமுன் வீட்டு உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா; வாங்கிய உணவு போதாமல், மேலும் வாங்கப் பணமும் இல்லாமல் போனதுண்டா என்று மருத்துவமனையில் கேட்கப்படும். இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் குடும்பம் உணவு நெருக்கடியில் இருக்கக்கூடும் என்று கொள்ளப்படும். அதோடு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், உடற்பருமன் போன்ற உணவுசார் நோயும் இருந்தால், அல்லது கருவுற்ற தாயோ சிறு குழந்தையோ குடும்பத்தில் இருந்தால், சீட்டு எழுதப்படும். அது காகிதக் கூப்பனாகவோ, காய்கனி தவிர வேறெதற்கும் செல்லாத பண அட்டையாகவோ, பண்ணையிலிருந்து வாரந்தோறும் வரும் கூடையாகவோ இருக்கலாம். அட்டை முறையில் கடையின் கணினி ஒவ்வொரு பொருளின் குறியீட்டையும் பார்த்து, தகுதியுள்ளவற்றுக்கு மட்டும் தொகையைக் கழிக்கிறது. வரிசையில் நிற்கும் பிறருக்கு அது வழக்கமான அட்டையாகவே தோன்றுவதால், கூப்பனை நீட்டும்போது நேரும் கூச்சம் இல்லை. ஆனால் இத்தகைய கணினி வசதி பெருங்கடைகளுக்கே எளிது என்பதால், ஏழைகள் நடந்துசென்று பொருள் வாங்கும் தெருமுனைக் கடைகள் பல இடங்களில் திட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தரப்பட்ட தொகையில் ஒரு பகுதி செலவாகாமல் போவதற்குப் போக்குவரத்தும் நேரமின்மையுமே முக்கியக் காரணங்கள். அதைப் பயனாளிகளின் அக்கறையின்மை எனக் கொள்வது தவறு.

கடையே இல்லாத இடத்தில் சீட்டு மட்டும் என்ன செய்யும் என்ற கேள்விக்கு, நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதி ஒரு விடை அளித்தது. சில மாநிலங்களைவிடவும் பரப்பில் பெரிய அந்நிலத்தில் முழுமையான மளிகைக் கடைகள் ஒரு டசன் அளவே உள்ளன. நவஹோ மன்றம் 2014இல் சத்தற்ற நொறுக்குத்தீனிக்கு 2 விழுக்காடு கூடுதல் வரி விதித்து, புதிய காய்கனிகளுக்கு விற்பனை வரியை நீக்கியது. அடுத்த ஆண்டு அங்கே தொடங்கிய பரிந்துரைத் திட்டம், கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டதோடு, சாலையோரச் சிறுகடைகளையும் பயிற்சி தந்து இணைத்தது. சீட்டுடன் வரும் வாடிக்கையாளர் உறுதி என்று தெரிந்தால்தான் சிறுகடைக்காரர் கெடும் பொருளைத் துணிந்து வாங்கி வைப்பார் என்ற பொருளியல் உண்மையின்மேல் அமைந்தது அவ்வேற்பாடு.

பயன் குறித்த சான்றுகள் ஒரே திசையில் செல்லவில்லை. ஹோல்சம் வேவ் நிறுவனத்தின் துணையுடன் 12 மாநிலங்களில் 22 இடங்களில் நடந்த திட்டங்களைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வு, பெரியவர்கள் நாளொன்றுக்கு உண்ட காய்கனி ஏறத்தாழ 0.85 கோப்பை உயர்ந்ததாகவும், ரத்த அழுத்தமும் ரத்தச் சர்க்கரை அளவும் குறைந்ததாகவும் கூறியது. ஆனால் திட்டத்தில் சேராதவர்களோடு ஒப்பிடும் அமைப்பு அதில் இல்லை. அதே ஆண்டு இறுதியில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நீரிழிவு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் குடும்பம் முழுவதற்கும் வாரம் பத்து வேளைக்கான நல்லுணவும் உணவியலாளரின் ஆலோசனையும் வழங்கியது. சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அவர்களிடம் ஆறு மாதத்தில் 1.5 புள்ளி குறைந்தது. உதவி பெறாதவர்களிடமும் 1.3 புள்ளி குறைந்திருந்ததால், வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. திட்டத்தின் ஆதரவாளர்கள் இம்முடிவை மறைக்காமல் ஏற்க வேண்டும். நோய் முற்றியபின் தரப்படும் சில மாத உணவு, பல்லாண்டு வறுமையின் விளைவை முழுதும் மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. பசி தணிந்ததா, மருந்து வாங்க வைத்திருந்த பணம் மிஞ்சியதா, குழந்தைகளின் தட்டில் காய் வந்ததா என்பவையும் அளக்கப்பட வேண்டிய பயன்களே.

இத்திட்டங்களின் பெருங்குறை அவற்றின் நிலையாமை. பெரும்பாலானவை நன்கொடையையோ குறுங்கால அரசு மானியத்தையோ நம்பி, ஒரு குடும்பத்துக்கு நான்கு முதல் பன்னிரண்டு மாதம்வரை உதவிவிட்டு நின்றுவிடுகின்றன. மெடிகெய்டு பொதுவாக உணவுக்குப் பணம் தருவதில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115ஆம் பிரிவு, மாநிலங்கள் சோதனை முறையில் அவ்விதியிலிருந்து விலக்குப் பெற இடம் தருகிறது. அவ்வழியே வட கரோலைனா 2022 மார்ச் முதல், காய்கனியும் உணவுக் கூடையும் உட்பட வீட்டு வசதி, போக்குவரத்து உதவிகளை மருத்துவக் காப்பீட்டின் பணத்திலேயே வழங்கியது. பயனடைந்தோரின் மருத்துவச் செலவு தலைக்கு மாதம் ஏறத்தாழ 85 டாலர் குறைந்ததாக மதிப்பீட்டு ஆய்வு கூறியிருந்தும், மாநிலச் சட்டமன்றம் தொடர்நிதி ஒதுக்காததால் 2025 ஜூலை 1இல் அச்சேவைகள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் கூட்டரசு, இத்தகைய விலக்குகளை ஊக்குவித்த 2023, 2024ஆம் ஆண்டுகளின் வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றிருந்தது. நோயாளிக்கு மருந்துச் சீட்டு தேவைப்படும்வரை புதுப்பிக்கப்படுகிறது. காய்கனிச் சீட்டோ மெடிகெய்டின் கட்டாயப் பலன்களுள் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெறவில்லை.