கபுரும் நிய்யத்தும்

கிழக்கிலங்கையின் தென்பாகத்தில், திருக்கோயிலுக்கு மேற்கே, சாகாமம் என்னும் ஊர் இருக்கின்றது. சாகாமக் குளத்தையும் அதனை அடுத்த வயல்வெளிகளையும் கடந்து கடற்கரையை அடைந்து, அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, மருதமுனை என ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்பர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது. இருவர்க்கும் மொழி ஒன்றே, உழுதொழில் ஒன்றே, தாய்வழியாக எண்ணப்படும் 'குடி' என்னும் அமைப்பும் இருவர்க்கும் பொதுவானதே. சமயம் வேறாயினும், மாண்டோர்க்கு வாழ்வோர் செய்ய வேண்டிய கடன் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையிலும் இவர்கள் ஒன்றுபடுகின்றனர்.

ஆடி அமாவாசையன்று திருக்கோயில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் கடற்றுறையில் திரளான மக்கள் தீர்த்தமாடுவர். தந்தையை இழந்தோர் அவரை நினைந்து செய்யும் கடன் அது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நிகழும். நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக மவ்லூது ஓதப்பெறும். கந்தூரிச் சோறு வழங்கப்பெறும். ஏறத்தாழ 200 ஆண்டுகளாக நடைபெற்றுவரும் விழா இது.

இவ்விழாவில் கருதத்தக்கது ஒன்றுண்டு. கல்முனைக்குடியில் ஆண்டகையின் உடல் இல்லை. அவர் அடங்கிய கபுர் கடலுக்கு அப்பால், சோழ மண்டலக் கரையிலே உள்ளது. உடலில்லாத ஓரிடத்தில் மக்கள் கூடி ஸியாரத்துச் செய்தல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோர், மறுமையைப் பற்றியும் எண்ணத்தின் ஆற்றலைப் பற்றியும் இக்கரை மக்கள் கொண்டிருந்த கருத்தினை விளங்கிக்கொள்வர்.

சாகுல் ஹமீது ஆண்டகை வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் நாகூரை வந்தடைந்தவர். தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்தமையால் நாகூரில் நிலம் பெற்றார் என்பது மரபு. அவரது தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததனைத் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராத்திய மன்னர் பிரதாப சிங்கர் எழுப்பினார். இந்து மன்னர் இருவரின் பெயர் ஒரு முஸ்லிம் ஞானியின் வரலாற்றில் இடம்பெற்றமை அக்காலத்து மனநிலையைக் காட்டும். சேகனாப் புலவரின் திருக்காரணப் புராணம், குலாம் காதிறு நாவலரின் கன்ஜுல் கறாமத்து முதலிய நூல்கள் அவர் புகழைத் தமிழில் நிலைநிறுத்தின.

கடலோடிகள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டனர். நடுக்கடலிலே ஒரு கப்பல் துளைபட்டு மூழ்கத் தொடங்கியதென்றும், அதிலிருந்தோர் அவரை நினைந்து அழைத்தனரென்றும், அவ்வேளை நாகூரிலே நாவிதர் முன் அமர்ந்திருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீச, அது சென்று துளையை அடைத்ததென்றும் ஒரு கதை உண்டு. இதனை வரலாற்று நிகழ்ச்சியாக எவரும் நிறுவுதல் இயலாது. எனினும் அக்கதையின் உட்பொருள் தெளிவானது. அழைத்தவர் ஓரிடத்தில், கேட்டவர் வேறோரிடத்தில், இடையில் கடல். கடலைக் கடந்தது எண்ணம் ஒன்றே.

கப்பல் சென்ற துறைகளுக்கெல்லாம் அந்நம்பிக்கையும் உடன் சென்றது. பினாங்கிலே நாகூர் தர்கா எழுந்தது. சிங்கப்பூரிலே 1828க்கும் 1830க்கும் இடையில் மற்றொன்று கட்டப்பட்டது. 1974இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியும் இவ்வரிசையைச் சார்ந்ததே. இங்கு வாழ்ந்தோர்க்கு இடம்பெயர்வு புதிதன்று. 1626ஆம் ஆண்டளவில், போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான். முன்னரே அங்கிருந்த முஸ்லிம்களுடன் அவர்களும் கலந்தனர். முன்னோரின் கபுர்களை விட்டுவிட்டு வர நேர்ந்த மக்களுக்கு, கபுர் தொலைவில் இருப்பினும் தொடர்பு அறுவதில்லை என்னும் கொள்கை எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கொள்கைக்கு மார்க்க நூல்களில் ஆதாரம் உண்டா என்பது அடுத்து எழும் வினா. இஸ்லாமிய வழிபாட்டில் நிய்யத்து எனப்படும் உள்ளத்து நாட்டம் முதலிடம் பெறுகின்றது. நிய்யத்தின்றித் தொழுகை நிறைவேறாது, நோன்பு நோன்பாகாது. புகாரி இமாமின் தொகுப்பிலே முதலாவதாக வைக்கப்பட்டுள்ள நபிமொழி, செயலின் பெறுமதி நிய்யத்தைப் பொறுத்தது என்னும் கருத்தினை உடையதாகும். 1111இல் மறைந்த கஸ்ஸாலி இமாம், இஹ்யா என்னும் தம் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றனை நிய்யத்துக்கென்றே ஒதுக்கினார். இறுதிப் பகுதியை மரணத்துக்கும் அதன் பின்னுள்ள நிலைக்கும் ஒதுக்கினார்.

மரணத்துக்கும் மறுமை எழுச்சிக்கும் இடைப்பட்ட நிலை பர்ஸக் எனப்படும். தடுப்பு என்பது அச்சொல்லின் பொருள். நன்னீரும் உவர்நீரும் ஒன்றையொன்று மேவாது நிற்கும் எல்லைக்கும் திருக்குர்ஆன் இதே சொல்லையே ஆள்கின்றது. களப்பும் கடலும் சந்திக்கும் முகத்துவாரங்களைக் கண்டு வளர்ந்த கிழக்கிலங்கை மக்களுக்கு இவ்வுவமையை விளக்கத் தேவையில்லை. மேலும், பர்ஸக் என்பது மண்ணிலே தோண்டப்பட்ட குழியன்று. அது ஒரு நிலை. கடலில் மூழ்கியவரும் நெருப்பில் வெந்தவரும் அந்நிலையை அடைவர் என்பதே ஆலிம்களின் விளக்கம்.

ஆயின் மாண்ட ஒருவரிடம் வாழ்பவர் யாது வேண்டலாம் என்பதிலே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. அடக்கத்தலங்களை நாடிப் பயணம் செல்லுதலையும், அடங்கியோரிடம் உதவி வேண்டுதலையும் இப்னு தைமிய்யா கடுமையாக மறுத்தார். அதன் பொருட்டு டமஸ்கசிலே 1326இல் சிறைப்பட்டு, 1328இல் சிறையிலேயே மறைந்தார். அவருடைய முதன்மை மாணாக்கரான இப்னு கையிம், 1350இல் மறைந்தவர், உயிரைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். தம்மைக் காண வருவோரையும் அவர் கூறும் ஸலாமையும் மாண்டோர் அறிவரோ என்பதே அந்நூலின் முதல் வினா. அறிவர் என்றே அவர் விடை கூறினார். கண்டிப்பு மிக்க ஆசிரியரின் மாணாக்கரே இவ்வாறு எழுதினார் என்பது எளிதில் மறக்கத்தக்கதன்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விவாதம் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கும் வந்தது. கொடியேற்றமும் கந்தூரியும் மார்க்கத்தில் இல்லாதவை என ஒரு சாரார் கூறினர். இறைவனிடமே வேண்டுகின்றோம், நல்லடியாரின் நினைவு அவ்வேண்டுதலுக்குத் துணை என மறுசாரார் கூறினர். ஒரே வீட்டில் தந்தை ஒரு பக்கமும் மகன் மறுபக்கமும் நின்றதுண்டு. எனினும் இறந்தவர்க்காக இறைவனிடம் மன்றாடுதல் நன்று என்பதை இருசாராருமே மறுக்கவில்லை. மாண்டோரிடம் கேட்பதிலேதான் பிணக்கு; மாண்டோர்க்காகக் கேட்பதில் பிணக்கில்லை.

இவ்விடத்தில் உலகின் பிற பகுதிகளையும் சிறிது நோக்குதல் தகும். 1882இல் இலண்டனிலே உளவியல் மறைபொருள்களை ஆராய ஒரு கழகம் நிறுவப்பெற்றது. அதே ஆண்டில் பிரமஞான சபை சென்னை அடையாற்றில் தலைமையகத்தை அமைத்தது. முதலாம் உலகப் போரில், 1915இல், தம் மகனை இழந்த இயற்பியல் அறிஞர் ஆலிவர் லாட்ஜ், அம்மகனுடன் பேசியதாகத் தாம் நம்பிய செய்திகளை மறு ஆண்டிலே நூலாக வெளியிட்டார். தமிழுலகிலே மறைமலையடிகள் 1911இல் 'மரணத்தின்பின் மனிதர்நிலை' என்னும் நூலையும், 1935இல் 'தொலைவிலுணர்தல்' என்னும் நூலையும் வெளியிட்டார். ஈழத்துக்கும் வந்து சொற்பெருக்காற்றிய அவர், சைவ சித்தாந்த நெறியோடு மேனாட்டு உளவியற் செய்திகளையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தார்.

இம்முயற்சிகளிற் பலவற்றை இயக்கியது ஒரே வேட்கை. மாண்டோர் நம்மோடு பேசுவரா? அதற்குச் சான்று உண்டா? ஐயுறும் அறிவுக்கு இவ்வினா இயல்பே. கல்முனைக் கரையின் எளிய மக்களோ வேறொரு வினாவையே பெரிதாகக் கொண்டனர். மாண்டோர் நமக்கு யாது கூறுவர் என்பதன்று அது. மாண்டோர்க்கு நாம் யாது செய்யக் கடவோம் என்பதாகும். எண்ணத்தின் ஆற்றல் என்பதை அவர்கள் வியத்தகு சித்தியாக எண்ணவில்லை. மறவாதிருத்தலையே அவ்வாற்றலாகக் கொண்டனர்.

காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்விலும் இக்கருத்தின் சாயலைக் காணலாம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகிய அவர், ஈசன் உவக்கும் மலர் யாது என வினவிப் பாடினார். சோலையிற் பூத்த மலர்களை விலக்கி, உள்ளமாகிய கமலத்தையே அவர் முதலிற் சுட்டினார். 1947இல் மறைந்த அவருடைய சமாதி மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் உள்ளது; அப்பாடல் அச்சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ளது. புறப்பொருளினும் அகநாட்டமே மேலானது என்பது நிய்யத்தைப் போற்றும் அயலவர்க்கும் உடன்பாடான கருத்தே.

இந்நம்பிக்கை நூலளவில் நில்லாது, கடுஞ்சோதனைக்கும் உள்ளாயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மாண்டோர் 10,000 பேருக்கு மேற்பட்டோர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையில் துயருற்றன. பெயர் அறியப்படாமல் ஒரே குழியில் அடக்கப்பட்டோர் பலர். கடலோடு போனோர் பலர். மகனின் கபுர் எது எனத் தாய் அறியாள்; தீக்கடன் செய்யத் தந்தையின் உடலை மகன் காணான்.

அப்பொழுது பழைய கொள்கைகள் மீண்டும் பொருள் பெற்றன. அபிசீனிய மன்னர் நஜாஷி மறைந்த செய்தி கேட்டு, தொலைவில் மதீனாவிலிருந்தே நபிகள் நாயகம் அவர்கள் அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். இக்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபு, உடல் முன்னில்லாத இத்தொழுகையை இதன்வழி ஏற்கின்றது. நீரில் மூழ்கி மாண்டோர் ஷஹீதுகளின் நிலையைப் பெறுவர் என்னும் நபிமொழியும் உண்டு. உடலற்ற துக்கத்துக்கு மார்க்கம் இவ்வாறு ஒரு வழியை விட்டு வைத்திருந்தது. பின்னாளில் கடற்கரைப் பள்ளியிலே கொடி மீண்டும் ஏறியது. திருக்கோயிலிலே, உயிர்களைக் கொண்ட அதே கடலில், மக்கள் மீண்டும் ஆடி அமாவாசைத் தீர்த்தமாடினர்.

மற்றொரு சோதனை இயற்கையினால் வந்ததன்று. 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றினால் இறந்தோரின் உடல்கள் எரிக்கப்படவே வேண்டும் என இலங்கையில் வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கமும் செய்யலாம் என உலகச் சுகாதார நிறுவனம் முன்னரே வழிகாட்டியிருந்தும், 2021 பெப்ரவரி வரை இவ்விதி நீடித்தது. அடக்கம் செய்தலைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் தம் உறவினர் எரிக்கப்பட்டதைக் கண்டு கலங்கின. 2021 மார்ச்சு முதல் ஓட்டமாவடியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. எரிந்த உடல் திரும்பாது. எனினும் நெருப்பு பர்ஸக்கைத் தடுப்பதில்லை என்றும், வற்புறுத்தப்பட்டோர்மீது குற்றமில்லை என்றும் ஆலிம்கள் கூறியவை வெறும் ஆறுதல் மொழிகள் அல்ல. நூற்றாண்டுகளாக ஓதப்பட்டுவந்த விதிகளே. கடன் செய்ய விரும்பியும் இயலாதவரின் நாட்டத்தை இறைவன் அறிவான் என்பதே அவற்றின் சாரம்.

நீண்ட போரிலே காணாமற் போனோரின் குடும்பங்களும் கிழக்கில் உண்டு. இறந்தாரோ இருக்கின்றாரோ எனத் துணியப்படாதவர்க்குப் பாத்திஹா ஓதுவதா, திவசம் செய்வதா, அன்றிக் காத்திருப்பதா என அறியாத தாய்மார் இரு சமூகங்களிலும் உள்ளனர். அவர்களது துயருக்கு எந்நூலும் முழு விடை தந்ததில்லை. உடலின் இடம் தெரியாவிடினும் நினைவின் கடன் நிற்பதில்லை என்பதை மட்டுமே இக்கரையின் வரலாறு அவர்களுக்குச் சொல்ல வல்லது.

ஒருவர் இறந்தபின் மூன்று வழிகளாலன்றி அவருடைய நற்செயல் தொடராது என நபிமொழி கூறும். நிலைத்த தருமம், பயன்தரும் கல்வி, தமக்காக வேண்டும் நன்மக்கள் என்பனவே அம்மூன்று. குளம் தொட்டவர் மறைந்தபின்னும் அதன் நீர் வயலுக்குப் பாய்கின்றது. எழுத்தறிவித்தவர் மறைந்தபின்னும் மாணாக்கர் படிக்கின்றனர். தந்தை மறைந்தபின்னும் மகன் கையேந்துகின்றான். கல்முனைக்குடியில் ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்து 200 ஆண்டுகளாக மக்கள் கூடுவதன் பொருளும் இதுவேயாகும். அங்கே அடங்கியிருப்பது உடலன்று. ஒரு தலைமுறை மறு தலைமுறைக்குக் கையளித்த நிய்யத்தேயாம்.