கிங்ஸ் க்வெஸ்ட்: பாட்டி கதையிலிருந்து பிறந்த கணினி விளையாட்டு

குழந்தைக் கதைகளை வைத்து வீடியோ கேம் செய்வது ரொம்ப சுலபம் என்றுதான் தோன்றும். கதை தயார், பாத்திரங்கள் தயார், யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம். என்னைப் போல வணிகவியல் படிக்கிறவனுக்கு இது விலையில்லாத மூலப்பொருள்! ஆனால் அது உண்மையிலேயே இலவசம்தானா? 1984-ல் வெளிவந்த 'கிங்ஸ் க்வெஸ்ட்' விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் கென் வில்லியம்ஸ், ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற தம்பதி நடத்திய நிறுவனம் சியரா ஆன்-லைன். வீட்டு உபயோகத்துக்காக பிசி ஜூனியர் என்ற கணினியைக் கொண்டுவந்த ஐபிஎம், அதன் திறனைக் காட்ட ஒரு விளையாட்டு வேண்டுமென்று இவர்களுக்குப் பணம் கொடுத்தது. தேவதைக் கதைகள் மேல் பிரியம் கொண்ட ராபர்ட்டா அதை வடிவமைத்தார்.

கதை எளியது. டாவென்ட்ரி நாட்டு ராஜாவுக்காக சர் கிரஹாம் என்ற வீரன் மூன்று பொக்கிஷங்களைத் தேடிப் போகிறான். வழியில் தின்பண்ட வீட்டுச் சூனியக்காரி, பாலத்தைக் காக்கும் பூதம், மேகத்துக்கு மேலே அரக்கன் என்று எல்லாம் கேள்விப்பட்ட கதைகளே. சூனியக்காரியை என்ன செய்வது? கதை கேட்டவனுக்குத் தெரியும், அடுப்புக்குள் தள்ள வேண்டும்!

ராபர்ட்டாவின் சாமர்த்தியம் மதிப்பெண்களில் இருக்கிறது. பூதத்துக்குப் பொக்கிஷத்தைக் கொடுத்தும் பாலத்தைக் கடக்கலாம், ஆனால் மதிப்பெண் குறையும். கேரட்டைக் காட்டி ஓர் ஆட்டை அழைத்து வந்தால் அது பூதத்தை முட்டித் தள்ளிவிடும், மதிப்பெண் கூடும். அரக்கனைக் கவணால் கொல்லலாம். அவன் தூங்கும் வரை பொறுத்திருந்து பெட்டியை எடுத்தாலோ அதைவிட அதிக மதிப்பெண். பலத்தைவிட புத்தி பெரிது என்று பாட்டி சொன்னதை ராபர்ட்டா கூட்டல் கழித்தல் கணக்காக மாற்றிவிட்டார்.

சறுக்கியது ஓர் இடத்தில்தான். ஒரு குள்ளன் தன் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்வான். கிரிம் சகோதரர்களின் 1812 தொகுப்பில் வரும் ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின்தான் அவன். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் போதாது. பின்னாலிருந்து யோசிக்கச் சொல்லி ஒரு குறிப்பு கிடைக்கும். சரி என்று பெயரைத் திருப்பி எழுதினாலும் தவறு! ஏ-க்குப் பதில் இசட், பி-க்குப் பதில் ஒய் என்று அகரவரிசையையே தலைகீழாக்கி எழுத வேண்டும். மூன்று முறை தோற்றால் குள்ளன் ஒரு சாவியை விட்டுவிட்டுப் போவான். அதை வைத்து வேறு வழியில் அரக்கன் நாட்டுக்குப் போகலாம் என்பது ஒன்றே ஆறுதல். 1990-ல் வந்த புதிய பதிப்பில், பெயரைத் திருப்பி எழுதினாலே போதும் என்று மாற்றினார்கள்.

பிசி ஜூனியர் விற்கவில்லை. 1985-லேயே ஐபிஎம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. ஆனால் 1984 கடைசியில் வந்த டாண்டி 1000 கணினியிலும் ஓடியதால் விளையாட்டு பிழைத்தது. 1998-க்குள் எட்டு பாகங்கள் வந்துவிட்டன.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். அந்த மூலப்பொருள் இலவசமா? ஆட்டக்காரனின் பாட்டி அவன் மனதில் போட்டு வைத்த வைப்புத்தொகை அது. வடிவமைப்பாளர் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறார். காக்கா வடை திருடிய கதை கேட்டு வளர்ந்த நம்மிடம் அந்தக் குள்ளனின் பெயரைக் கேட்டால்? கணக்கில் பணமில்லாத காசோலைதான், திரும்பி வந்துவிடும். நாளை நம் கதைகளை வைத்து கேம் செய்யப்போகும் நண்பர்களும் இதை யோசிக்க வேண்டும். கதை தெரிந்தவனுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கட்டும், தெரியாதவனுக்கும் ஒரு சாவி இருக்கட்டும்.