உடையப் பிறந்த குண்டு

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில், வாசற்படிக்கு வலப்புறமாக, வட்டமான கறுப்பு மின்சார ஸ்விட்ச் ஒன்று இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் அதன் மூடி கழன்று தொங்குவதைப் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, நானே திருகி மாட்டிவிடலாம் என்று முயன்றேன். கை நழுவியது. மூடி சிமென்ட் தரையில் விழுந்தது. வளையவில்லை, நசுங்கவில்லை, பத்துப் பன்னிரண்டு துண்டுகளாகத் தெறித்துப் போயிற்று. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து ஓடி வந்த பாட்டி, "விடுடா! கரண்டிலே கையை வைக்காமல் குழந்தை பிழைத்ததே பெரிசு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்துக்கொள்" என்று சொல்லி என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அந்த மூடி செய்யப்பட்டிருந்த பொருளுக்குப் பேக்கலைட் என்று பெயர். பழைய ரேடியோப் பெட்டி, கனத்த கறுப்பு டெலிபோன், வாணலிக் கைப்பிடி எல்லாம் அதில் செய்தவைதாம். அதே பேக்கலைட்டை, உடைய வேண்டும் என்ற ஒரே உத்தேசத்துடன் துப்பாக்கிக் குண்டாக வார்த்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்குப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. தலைக்கு வந்ததைத் தலைப்பாகையோடு போகச் செய்ய ஒரு தேசம் எவ்வளவு பாடுபட்டது என்ற கதை அது.

இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே, 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து 291 அமெரிக்கக் குண்டு வீச்சு விமானங்கள் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரை நோக்கிப் புறப்பட்டன. அவற்றில் 60 விமானங்கள் திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். ஒரே நாளில் ஏறக்குறைய 600 இளைஞர்கள். இத்தனைக்கும் அந்த விமானங்கள் நிராயுதபாணிகளாகப் போகவில்லை. மூக்கு, முதுகு, வயிறு, வால் என்று எல்லாப் பக்கமும் யந்திரத் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு போனவை. துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தவர்களில் பலர் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து அதிக நாளாகாத பையன்கள். திரும்பி வந்தவர்கள், "இத்தனை எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தினோம்" என்று ஒரு பெரிய கணக்கு சொன்னார்கள். யுத்தம் முடிந்து ஜெர்மானியரின் பதிவுகளைப் புரட்டியபோது, அதில் ஒரு சிறு பகுதிதான் மெய் என்று தெரிந்தது. பையன்கள் பொய் சொல்லவில்லை. தாங்கள் சுட்டது பட்டதா படவில்லையா என்பதே அவர்களுக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம், அவர்கள் கற்ற விதம்.

அந்நாளில் விமானத் துப்பாக்கிக்காரனுக்குப் பயிற்சி எப்படிக் கொடுத்தார்கள்? முதலில் தரையில் களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடச் சொன்னார்கள். பிறகு ஆகாயத்தில் ஒரு விமானம் நீண்ட கயிற்றில் ஒரு துணிப் பையை இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் பறக்கும் விமானத்திலிருந்து அதைச் சுட வேண்டும். ஒவ்வொருவனுடைய குண்டின் நுனியையும் ஒவ்வொரு வர்ணத்தில் தோய்த்துவிடுவார்கள். பை கீழே வந்ததும், சிவப்பு ஓட்டை இத்தனை, நீல ஓட்டை இத்தனை என்று எண்ணி மார்க்குப் போடுவார்கள். அப்படித் துணிப் பையை இழுத்துப் போன விமானங்களைச் சில இடங்களில் பெண்களே ஓட்டினார்கள். வட காரோலைனாவில் காம்ப் டேவிஸ் என்ற இடத்தில், 1943-இல், பீரங்கிப் படை பழகுவதற்காக அப்படிப் பறந்த பெண்களின் துணிச்சல் தனியே எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் துணிப் பை எதிரியல்ல. அது நேராகப் போகும், பாயாது. எதிரி விமானமோ பக்கவாட்டிலிருந்து வளைந்து, நம்மையே குறிவைத்துச் சீறி வரும். அதைச் சுடுவதில் ஒரு விசித்திரம் உண்டு. பறக்கும் கொக்கைச் சுடுகிறவன் கொக்குக்குச் சற்று முன்னால் குறி வைப்பான் அல்லவா? இங்கே அந்தச் சாமர்த்தியம் பலிக்காது. நம் விமானமே வேகமாக முன்னே போவதால், நாம் பக்கவாட்டில் சுடும் குண்டும் அந்த வேகத்தைச் சுமந்துகொண்டு முன்னோக்கியே நகரும். ஆகவே, வளைந்து வரும் எதிரிக்கும் நம் விமானத்தின் வாலுக்கும் இடையே, எதிரிக்குச் சற்றுப் பின்னால் குறிவைக்க வேண்டும். கண் ஒன்று சொல்லும். கணக்கு வேறு சொல்லும். கண்ணை அடக்கிக் கணக்கைக் கேட்கும் பழக்கம் புஸ்தகத்தால் வராது. மெய்யாகவே ஒரு விமானம் நம் மேல் பாய வேண்டும். நாம் மெய்யாகவே அதைச் சுட வேண்டும்.

அப்படியானால் அந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பவன் கதி?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அலைந்தவர், காமரன் ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்க விமானப்படை மேஜர். "பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. அவர் கேட்டது அதற்கு நேர் விரோதம்: பாம்பு சாகவே கூடாது, கோல் மட்டும் முறிய வேண்டும். பட்டவுடன் பொடிப் பொடியாகப் போகும் குண்டு ஒன்று வேண்டும் என்றார். வட காரோலைனாவிலுள்ள ட்யூக் சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியர்களான பால் கிராஸ், மார்க்கஸ் ஹாப்ஸ் என்ற இருவரும், பேக்கலைட் கம்பெனியும் இந்த வேலையில் இறங்கினார்கள்.

உடைகிற குண்டைச் செய்வது என்ன பிரமாதம், களிமண்ணை உருட்டினால் போதாதா என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் யோசித்தால்தான் அதிலுள்ள சங்கடம் விளங்கும்.

துப்பாக்கிக் குழாய்க்குள் குண்டு படும் பாடு சாமானியமல்ல. பின்னாலிருந்து வெடிமருந்தின் ஆவி அதை ஒரே தள்ளாகத் தள்ளுகிறது. குழாயின் உட்சுவரில் திருகாணி போல் வெட்டியிருக்கும் வரிகள் அதைக் கவ்விப் பிடித்துச் சுழற்றுகின்றன. அந்த ரகத் துப்பாக்கியில் 10 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. கணக்குப் போட்டால், குழாயை விட்டு வெளியே வரும்போது பயிற்சிக் குண்டு வினாடிக்கு 1,600 தடவை சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சியில் களிமண் உருண்டை வாசலைத் தாண்டுமுன்பே சிதறிப் போகும். ஆகவே குழாய்க்குள் அது உறுதியாக இருக்க வேண்டும். காற்றில் போகும்போதும் உறுதியாக இருக்க வேண்டும். தகட்டில் பட்ட அந்தக் கணத்தில் மட்டும் உறுதியை அடியோடு மறந்துவிட வேண்டும். பலமாக ஒரு பொருளைச் செய்வது சுலபம். பலவீனமாகச் செய்வது அதைவிடச் சுலபம். இன்ன இடம் வரையில் பலம், அதற்கு மேல் பலவீனம் என்று வரம்பு கட்டுவதுதான் கஷ்டம்.

இங்கேதான் நம் ஸ்விட்ச் மூடி வருகிறது. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட் என்ற ரசாயன நிபுணர், 1907-இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். கார்பாலிக் சோப்பில் ஒரு வாசனை வருமே, அந்த வாசனைக்குரிய பொருளையும், பிரேதங்கள் கெடாமல் காக்கும் பார்மலின் வகைப் பொருளையும் சேர்த்துக் காய்ச்சியதால் பிறந்த பிசின் அது. அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் கல்லாக இறுகும். ஒரு முறை இறுகியபின் மறுபடி உருகாது. அழுத்தத்தைத் தாங்கும், திடீரென்று அடித்தால் வளைந்து கொடுக்காமல் தெறித்துவிடும். தேடிய குணம் அதுதான். கனத்துக்காக ஈயத்தைப் பொடி செய்து, பேக்கலைட் பிசினால் இணைத்து, குண்டாக அச்சில் வார்த்தார்கள்.

வழக்கமான குண்டு ஏறக்குறைய 10 கிராம் எடையுள்ளது. இது 7 கிராம். அதன் வேகம் வினாடிக்கு 2,700 அடிக்கு மேல். இதன் வேகமோ அதில் பாதியளவுதான். வேகத்தைக் கூட்டினால் தகட்டைத் துளைத்துவிடுமே! ஆனால் வேகம் குறைந்ததும் வேறொரு தொல்லை முளைத்தது. 600 அடி தூரத்தை நிஜக் குண்டு கால் வினாடிக்குள் கடக்கும். பொடிக் குண்டுக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். மணிக்கு 200 மைல் வேகத்தில் பறக்கும் விமானத்திலிருந்து பக்கவாட்டில் சுட்டால், அந்த நேரத்தில் நிஜக் குண்டு முன்னோக்கி நகர்வது 65 அடி. பொடிக் குண்டு நகர்வது 130 அடி. குறியே இரட்டிப்பாக மாறிவிடுகிறது. பொய்க் குண்டில் பழகிய கை, மெய்க் குண்டில் தவறினால் என்ன பயன்? ஆகவே பார்வைக் கருவியின் கணக்கையும் பொடிக் குண்டுக்கு ஏற்றபடி திருத்த வேண்டியிருந்தது. ஒரு பொய்யை மெய் போல ஆக்க, அதைச் சுற்றி எத்தனை காரியங்கள்! கதை எழுதுகிறவனுக்கு இது புதிதல்ல.

குண்டு தயாராயிற்று, இலக்கு வேண்டும். பெல் கம்பெனி செய்த கிங்கோப்ரா, அதாவது கருநாகம், என்ற சண்டை விமானத்தை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் அதைத் தங்கள் யுத்தத்தில் உபயோகிக்கவில்லை. செய்ததில் பெரும் பகுதியை ருஷ்யாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நின்றவற்றில் சுமார் 300 கருநாகங்கள் இப்படி அடிபடும் உத்தியோகத்தை ஏற்றன. அவற்றின் துப்பாக்கிகளைக் கழற்றினார்கள், உடம்பெல்லாம் ஆயிரம் ராத்தலுக்கு மேல் கனமான தகடு போர்த்தினார்கள், கண்ணாடியைத் தடிப்பாக்கினார்கள். தகட்டுக்கு அடியில், குண்டு படும் அதிர்ச்சியை உணரும் கருவிகள். மூக்கில், முன்பு பீரங்கி இருந்த துவாரத்தில், ஒரு விளக்கு. குண்டு பட்டால் விளக்கு பளிச்சென்று எரியும். சுட்டவன் அந்தக் கணமே அறிந்துகொள்வான்: "பட்டது!" பந்து முட்டினால் விளக்கெரியும் ஒரு விளையாட்டு மேஜை உண்டல்லவா, அதன் பெயரையே வைத்து விமானத்தைப் 'பின்பால்' என்று அழைத்தார்கள்.

யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், டெக்ஸாஸ், நெவாடா முதலிய இடங்களிலிருந்த பயிற்சிப் பள்ளிகளில் இந்த விமானங்கள் பறந்தன. அந்த ஆசனத்தில் ஒரு விமானி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு எதிரி என்று ஒருவருமில்லை. சுடுகிறவர்கள் அவன் தேசத்துப் பையன்கள். நேற்றிரவு ஒரே கூடத்தில் அவனோடு சாப்பிட்டவர்கள். அவர்கள் நன்றாகச் சுட வேண்டும் என்பதுதான் அவன் பிரார்த்தனை. நன்றாகச் சுட்டால் தகட்டின் மேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல் சடசடவென்று பொழியும். அவன் நம்பியிருப்பதோ, என்றோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி ஈயப் பொடியையும் பிசினையும் அளவு தப்பாமல் கலந்திருப்பான் என்பதை. எதிரியிடம் நமக்கு வேண்டியது தைரியம். நம்மவரிடம் வேண்டியது நம்பிக்கை. இரண்டில் எது அரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் குண்டை ஆபத்தில்லாத குண்டு என்று எண்ணினால் மோசம் போவோம். கெட்டியான தகட்டில் பட்டால்தான் அது பொடியாகும். தகடு போர்த்தாத மனித உடம்பில் பட்டால், அதுவும் குண்டுதான், கொல்லும். அது நல்லவன், கெட்டவன், நண்பன், எதிரி என்று பார்த்து உடைவதில்லை. எதிரே உள்ளது கெட்டியா, மென்மையா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். கெட்டியானதன் முன் தான் அழியும், மென்மையானதை அழிக்கும். பயிற்சியைப் பத்திரமாக்கியது குண்டு மட்டுமல்ல, குண்டும் தகடும் சேர்ந்த தாம்பத்தியம். ஒன்றில்லாமல் மற்றது வெறும் ஏமாற்று.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. பேக்கலைட் குண்டின் பெரிய வேலை அத்துடன் தீர்ந்தது. பின்பால் விமானங்களில் பழகியவர்களில் பலர் எதிரியின் முகத்தைப் பார்க்காமலே வீடு திரும்பினார்கள். பேக்லண்டோ 1944 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். ஆயினும் எண்ணம் சாகவில்லை. 1990-களுக்குப் பிறகு மேல்நாட்டுப் போலீசார், ஈயத்துக்குப் பதில் செம்புப் பொடியை அழுத்திச் செய்த உடையும் குண்டுகளைப் பயிற்சிக் கூடங்களில் உபயோகிக்கத் தொடங்கினார்கள். இரும்பு இலக்கில் பட்டுத் திரும்பிச் சுட்டவன் மேலேயே பாயாமலிருக்க ஒரு காப்பு. மூச்சில் ஈயத் தூசி ஏறாமலிருக்க இன்னொரு காப்பு. வானத்தில் விமானிக்காகப் பிறந்த யோசனை, தரையில் சுடுகிறவனையே காக்க வந்து சேர்ந்தது.

ஆயுதங்களின் சரித்திரத்தைப் படித்தால், இன்னும் ஆழமாய்த் துளைக்க, இன்னும் தூரம் பாய, இன்னும் அதிகம் பேரைக் கொல்ல என்று மனிதன் மூளையைக் கசக்கிய கதைதான் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. அதன் நடுவே, ஒரு குண்டு தோற்றுப் போக வேண்டும், அதுவும் சரியான கணத்தில் தோற்றுப் போக வேண்டும் என்று பேராசிரியர்கள் ராப்பகலாக உழைத்த இந்த ஒரு பக்கமும் இருக்கிறது. அந்தப் பையன்கள் கொல்லக் கற்றுக்கொள்வதற்காகத்தான் அதையும் செய்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும், கற்றுக்கொடுக்கும்போது ஒருவனும் சாகக் கூடாது என்று நினைத்தார்களே, அந்த நினைப்புக்காக அவர்களை மன்னிக்கலாம் என்று தோன்றுகிறது.

அன்று அப்பாவுக்கு இதெல்லாம் சொல்லி என் முதுகைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குத் தெரியாது. பாட்டிக்கும் பேக்கலைட்டின் குணம் தெரியாது. உடைய வேண்டியது உடைந்து, பிழைக்க வேண்டியவன் பிழைத்தால் போதும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.