காலியான கிடங்கு

யந்திரத் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாளியைப் பற்றி எழுதுகிறார்கள். அல்லது யந்திரத்தைக் கண்டுபிடித்த மேதையைப் பற்றி எழுதுகிறார்கள். வேலைநிறுத்தம் வந்தால் தொழிலாளியைப் பற்றியும் நாலு வரி எழுதுவதுண்டு. கிடங்குச் சிப்பந்தியைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் இரும்பை உருக்குகிறவர் அல்லர். சம்மட்டி பிடிக்கிறவரும் அல்லர். கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் சாவிக் கொத்தையும் இருப்புப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, யாராவது சீட்டு நீட்டினால் எழுந்து போய்ச் சாமானை எடுத்துக் கொடுக்கிற மனிதர். அவ்வளவுதானே என்று தோன்றும்.

ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில்தான் எந்தத் திருகாணி எந்த டப்பாவில் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டறை வளர்ந்து ஆயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியாகிவிட்டால், அது கிடங்குக்காரர் ஒருவருக்கே தெரிந்த ரகசியமாகிவிடுகிறது. அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்துவிட்டால் நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகையால் 'இல்லை' என்று சொல்லாதிருப்பதே அவருடைய தொழில் தர்மம். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: நிறைய வாங்கு, நிறைய அடுக்கு.

நம் வீட்டுப் பாட்டிமார்களின் தர்மமும் அதுவே அல்லவா? குதிரில் நெல், பானையில் புளி, ஜாடியில் ஊறுகாய் என்று வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்துவிட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். நிறைந்த குதிர் லட்சுமி கடாட்சம் என்பது நம்முடைய பரம்பரை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த ஒரு கம்பெனி உண்டு. ஜப்பானிலுள்ள டொயோட்டா கம்பெனிதான் அது.

அந்தக் கதை மோட்டார் காரில் ஆரம்பிக்கவில்லை, தறியில் ஆரம்பிக்கிறது. ஸகிச்சி டொயோடா என்பவர் ஒரு தச்சரின் மகன். தறியைச் சீர்திருத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை உருவாக்கி, 1926-ஆம் ஆண்டில் காரியா என்ற ஊரில் தறி செய்யும் தொழிற்சாலையை நிறுவினார். அவருடைய மகன் கீச்சிரோவுக்கு மோட்டார் பைத்தியம். 1933-இல் அந்தத் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார் பகுதி ஒன்றை ஆரம்பித்தார். குடும்பப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனியாகப் பிறந்தது. அடுத்த ஆண்டே கொரோமோ என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. பிற்காலத்தில், 1959-இல், அந்த ஊரே டொயோட்டா நகரம் என்று பெயர் மாறிவிட்டது.

ஒரு தறிக்கு வேண்டிய உறுப்புகளை விட ஒரு மோட்டாருக்கு வேண்டிய உறுப்புகள் எத்தனையோ மடங்கு அதிகம். எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டுமென்றால் மலை போலப் பணம் வேண்டும். கீச்சிரோவிடம் மலை இல்லை. எனவே அவர் ஒரு யோசனை செய்தார். எந்த உறுப்பும் தேவைப்படும் நேரத்துக்கு முன்னால் வரவும் கூடாது, பின்னால் வரவும் கூடாது. இதற்கு 'ஜஸ்ட் இன் டைம்' என்று ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் யுத்தம் வந்தது. கச்சாப் பொருள்களெல்லாம் சர்க்காரின் கைக்குப் போயின. கிடைத்தபோது கிடைத்ததை வாரி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமற் போயிற்று. கிடங்கு பழையபடி ராஜ்யம் செய்தது.

யுத்தத்துக்குப் பிறகு தொழிற்சாலை எப்படி நடந்தது என்பதைத் தாயீச்சி ஓனோ என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். மாதத்தின் முற்பாதி முழுவதும் உறுப்புகளைச் சேகரிப்பதிலேயே போய்விடும். ஒன்று வந்திருந்தால் இன்னொன்று வந்திராது. மாதக் கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்ததும், விழுந்தடித்துக்கொண்டு வண்டிகளைப் பூட்டுவார்கள். முதல் இருபது நாள் கிடங்கு நிறைந்திருக்கும்; யந்திரக்காரர்கள் சும்மா இருப்பார்கள். கடைசிப் பத்து நாள் எல்லோருக்கும் உயிர் போகும். பரீட்சைக்கு முன் ஒரு வாரம் மட்டும் படிக்கிற கல்லூரிப் பையன்களின் கதைதான்.

1949-ஆம் ஆண்டில் இடி விழுந்தது. பணவீக்கத்தை அடக்குவதற்காக டாட்ஜ் என்ற அமெரிக்க வங்கிக்காரர் வகுத்த கடுமையான திட்டத்தால் ஜப்பானில் பணப் புழக்கம் சுருங்கிவிட்டது. லாரி வாங்க ஆள் இல்லை. முன்பு தவணைக்கு வாங்கியவர்களிடம் பணம் இல்லை. செய்த வண்டிகள் விற்காமல் நின்றன. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் கம்பெனியிடம் சொத்து இருந்தது; பெட்டியைத் திறந்தால் சம்பளம் கொடுக்கக் காசு இல்லை. சரக்காக மாறிப்போன பணம் மறுபடியும் பணமாக மாற மறுத்துவிட்டது.

அந்த டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுப்பது, அதற்குப் பதிலாக ஆட்குறைப்பு செய்வதில்லை என்று. ஆனால் கடன் கொடுத்துக் காப்பாற்ற வந்த வங்கிகள் வேறு விதமாகப் பேசின. விற்பனைக்குத் தனிக் கம்பெனி வேண்டும். விற்கக்கூடிய அளவுதான் வண்டி செய்ய வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டும். 1950 ஏப்ரலில், 1,600 பேர் தாமாகவே விலகவேண்டுமென்று நிர்வாகம் கேட்டது. இரண்டு மாதம் போராட்டம் நடந்தது. முடிவில் ஏறக்குறைய 2,000 பேர் வெளியேறினார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத கீச்சிரோவும் ஜூன் மாதத் தொடக்கத்தில் தாம் விலகுவதாக அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி கொரியா யுத்தம் மூண்டது, அமெரிக்க ராணுவம் ஆயிரக் கணக்கில் லாரி கேட்டது, கம்பெனி பிழைத்துவிட்டது. கீச்சிரோ பழைய பதவிக்குத் திரும்பு முன்பே 1952-இல் காலமானார். ஒரு நாவலில் இப்படி எழுதினால், ஆசிரியர் வேண்டுமென்றே செய்த வேலை என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சரித்திரத்தை அப்படிக் குறை சொல்ல முடியாது.

இந்த அனுபவத்திலிருந்து ஓனோ ஒரு பாடம் கற்றுக்கொண்டார். வேண்டாத சரக்கு வெறும் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் மனிதனை வெளியே தள்ளிவிடுகிறது. இன்னொன்றையும் கவனித்தார். ஆயிரம் உறுப்புகளைச் செய்து கிடங்கில் போட்டுவிட்டால், அவற்றில் இருக்கும் பழுது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் பழுது செய்தவன் யார், எந்த யந்திரம் என்பதெல்லாம் மறந்துபோய்விடும். கிடங்கு குற்றங்களை ஒளித்து வைக்கும் இடமாகவும் இருந்தது.

அமெரிக்காவிலுள்ள 'சூப்பர் மார்க்கெட்' கடைகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். வாடிக்கைக்காரர் தமக்கு வேண்டியதை, வேண்டிய அளவு தாமே எடுத்துக்கொள்கிறார். காலியான இடத்தை மட்டும் கடைக்காரர் நிரப்பி வைக்கிறார். தொழிற்சாலையும் ஏன் இப்படி நடக்கக்கூடாது? 1953 வாக்கில் தம் பொறுப்பிலிருந்த யந்திரப் பிரிவில் ஓனோ இதைச் சோதித்துப் பார்த்தார்.

அதற்கு அவர் உபயோகித்த கருவி ஒரு சீட்டு. அதற்குக் 'கான்பான்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் பெயர்ப் பலகை என்று அர்த்தம். உறுப்புகள் அடங்கிய ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு இருக்கும். இன்ன உறுப்பு, இத்தனை உருப்படி, இங்கிருந்து வந்தது, இங்கே போகவேண்டும் என்ற விவரம் அதில் எழுதியிருக்கும். பெட்டியிலிருந்து எடுத்து வேலையை ஆரம்பித்ததும் சீட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அந்தச் சீட்டு முந்தைய பகுதிக்குப் போகும். எத்தனை சீட்டு வந்ததோ அத்தனைக்குத்தான் அங்கே செய்யலாம். சீட்டு வராவிட்டால் யந்திரம் சும்மா இருக்கலாம், சாமான் செய்யக்கூடாது.

கிடங்குக்காரரின் தலைக்குள்ளும் இருப்புப் புத்தகத்துக்குள்ளும் இருந்த ஞானம் ஓர் உள்ளங்கை அளவு காகிதத்துக்கு வந்துவிட்டது. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு இனி அங்கே என்ன வேலை? அவர் கையில் ஒரு தள்ளுவண்டியைக் கொடுத்தார்கள். குறித்த நேரத்தில், குறித்த வழியில் சுற்றிவந்து, சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்ச் சாமானைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இப்படிச் சுற்றுகிறவருக்கு அங்கே 'மிஸுசுமாஷி' என்று பெயர். குளத்து நீரின் மேல் ஓயாமல் வட்டமிடுகிறதே ஒரு கறுப்பு வண்டு, அதன் பெயர்தான். கேலியா, செல்லமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாவிக் கொத்தின் அதிகாரம் போயிற்று. ஆனால் அவர் ஒரு சுற்றுத் தவறினால் தொழிற்சாலை நின்றுவிடும் என்ற பொறுப்பு முன்னிலும் பன்மடங்காயிற்று.

இதை எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். வெகு காலம் வரையில் இதை 'ஓனோ முறை' என்றே சொல்லி முகம் சுளித்தார்கள். கம்பெனி முழுவதும் பரவுவதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் ஆயின. வெளியிலிருந்து சாமான் கொடுக்கும் சிறிய கம்பெனிகளுக்கும் பிற்பாடு அதே சீட்டு போயிற்று. பெரியவர் வீட்டுக் குதிரைக் காலி செய்தால், அந்தப் பாரம் சின்னவர் வீட்டுத் திண்ணையில் இறங்குவதும் உண்டு. 1972-இல் ஸதோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர் பருவத் தொழிலாளியாக அங்கே சேர்ந்து ஆறு மாதம் உழைத்துவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். மோட்டார்த் தொழிற்சாலையை நிராசையின் தொழிற்சாலை என்றே அதன் தலைப்பு சொல்கிறது. வீண் சரக்கைக் குறைக்கிறபோது மனிதன் மூச்சு விடும் நேரத்தையும் வீண் என்று கணக்கிட்டுவிடுகிற அபாயம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு அபாயம் 1997-இல் வெளிப்பட்டது. பிப்ரவரி 1-ஆம் தேதி விடியற்காலை, தறித் தொழிற்சாலை பிறந்த அதே காரியாவில், ஐஸின் என்ற கம்பெனியின் தொழிற்சாலை எரிந்துபோயிற்று. டொயோட்டாவுக்கு வேண்டிய பிரேக் வால்வு ஒன்று அநேகமாக முழுவதும் அங்கேதான் தயாராகிவந்தது. கைக்குள் அடங்கும் சாமான். டொயோட்டாவிடம் அதில் சில மணி நேரத்துக்கு வேண்டிய இருப்புத்தான் இருந்தது. சில நாள்களுக்குள் ஜப்பானிலிருந்த அதன் தொழிற்சாலைகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. தையல் யந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி உள்பட நூற்றுக்கு மேற்பட்ட கம்பெனிகள் ஓடி வந்து, தமக்குத் தெரியாத அந்த வால்வைச் செய்து கொடுத்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சக்கரங்கள் மறுபடியும் சுழன்றன. அது அழகான காட்சிதான். ஆயினும் பழைய கிடங்குக்காரர் ஒருவர் அதைப் பார்த்திருந்தால், "ஒரே ஒரு அலமாரி விட்டு வைத்திருக்கக்கூடாதா?" என்று கேட்டிருப்பார்.

2011 மார்ச் 11-ஆம் தேதி பெரும் பூகம்பமும் கடல் கோளும் வந்தபோது அந்தக் கேள்வியைக் கம்பெனியே கேட்டுக்கொண்டது. உற்பத்தி பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. அதன் பிறகு, எந்தெந்தச் சாமான் சீக்கிரம் கிடைக்காது என்று கணக்கெடுத்தார்கள். மின்னணுச் சில்லுகளில் 2 முதல் 6 மாதங்களுக்கு வேண்டிய இருப்பை வைத்திருக்கும்படி சாமான் கொடுப்பவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2021-இல் உலகமெங்கும் சில்லுப் பஞ்சம் வந்தபோது, மற்ற மோட்டார் கம்பெனிகள் முதலிலேயே தடுமாறின. டொயோட்டா சில மாதம் தாக்குப்பிடித்தது. அந்தச் செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று என்பது வேறு விஷயம். குதிர் எவ்வளவு பெரிதானாலும் அதற்கும் அடி உண்டு அல்லவா?

நம் பாட்டி வருஷத்துக்குப் புளி சேர்த்து வைத்தாள். கீரையை ஒரு நாளும் சேர்த்து வைக்கவில்லை. வருஷத்தில் ஒருமுறை கிடைப்பது எது, நாள்தோறும் வாசலுக்கு வருவது எது என்று அவளுக்குத் தெரியும். 1949-இல் விற்காத லாரிகளைப் பார்த்தும், 1997-இல் ஒரு வால்வு இல்லாமல் நின்றும், 2011-இல் பூமி நடுங்கியும் ஒரு பெரிய கம்பெனி தெரிந்துகொண்டது அதைத்தான்.

ஆகவே, எந்தத் தொழிற்சாலைக்காவது போனால், கம்பி வலைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் மனிதரிடம் இரண்டு நிமிஷம் பேசிப் பாருங்கள். எந்தச் சாமான் அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது, எந்தச் சாமான் தீர்ந்தால் தமக்கு ராத்திரி தூக்கம் வராது என்று அவர் சொல்வார். அந்தக் கம்பெனி இன்னும் எத்தனை நாள் நடக்கும் என்பதை அதிலிருந்தே ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.