கொய்னாவும் சின்கோனாவும்: ஒரு மருந்துப் பெயரின் வரலாறு



எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், தன் கொள்ளுப்பாட்டி சொன்ன கதையைக் கட்டுரையாக எழுதி வந்தான். “அந்தக் காலத்தில் காய்ச்சல் கண்டால் டிரசர் ஐயா கொய்னா கொடுப்பார்” என்று அதில் ஒரு வரி. நான் ‘கொய்னா’வைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘குவினைன்’ என்று திருத்தினேன். மறுநாள் மாலை அந்த மூதாட்டியே கொள்ளுப்பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். தொண்ணூறு வயதை நெருங்கியவர்.

“ஏன் வாத்தியாரே, கொய்னான்னா கொய்னாதானே? அதைத் தின்னுதானே நான் பொழைச்சேன். நீங்க எழுதியிருக்கிறது வாயில நுழையலையே!” என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினேன். ஆங்கிலேயர் பலர் அம்மருந்தைக் ‘குவினீன்’ என்கிறார்கள். அமெரிக்கர் ‘குவைனைன்’ என்கிறார்கள். மலாய் மொழியில் ‘குயினின்’. நான் எழுதிய ‘குவினைன்’ இவற்றில் எதனோடும் முழுதாகப் பொருந்தவில்லை! அப்படியானால் சரியான பெயர்தான் எது? அதைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இம்மருந்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கே வளரும் ஒரு மரத்தின் பட்டை, முறைக்காய்ச்சலைத் தணிக்கும். பெரு நாட்டில் பேசப்படும் கெச்சுவா மொழியில் ‘கினா’ என்றால் பட்டை என்று பொருள் சொல்வார்கள். 1820-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பெல்த்தியே, காவந்து என்ற இருவர் அப்பட்டையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுத்தபோது, அந்தச் சொல்லை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள். ஆகவே நம் பாட்டியின் ‘கொய்னா’, மூலச் சொல்லான ‘கினா’வுக்கு மிகவும் அருகில்தான் ஒலிக்கிறது.

மருந்துக்கு ஒரு பெயர் என்றால் மரத்துக்கு வேறொரு பெயர். அதில் நடந்த வழக்கு இன்னும் சுவையானது.

பெருவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி சின்ச்சோன் பிரபு. அவருடைய மனைவி லீமா நகரில் காய்ச்சலால் வாடியதாகவும், இந்தப் பட்டையால் குணமடைந்ததாகவும், அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததாகவும் ஒரு கதை. 1663-இல் செபாஸ்தியானோ பாடோ என்ற இத்தாலிய மருத்துவர் இதை எழுதிவைத்தார். சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ், 1742-இல் அந்தச் சீமாட்டியின் நினைவாக மரத்துக்குப் பெயர் சூட்டினார். சூட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டது. ‘சின்ச்சோன்’ என்ற ஊர்ப்பெயரை உரோமன் எழுத்தில் எழுதினால் ‘எச்’ என்னும் எழுத்து இரண்டு இடங்களில் வரும். லின்னேயஸ் முதலாவதை விட்டுவிட்டார். ஆங்கிலம் பேசுவோர் எஞ்சியதைச் ‘சின்கோனா’ என்று வாசித்தார்கள். தமிழுக்கும் அப்படியே வந்து சேர்ந்தது.

இதைப் பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். அவர் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர். சின்கோனாவைப் பெருவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவர 1860-இல் நடந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். அந்த முயற்சியால்தான் நீலகிரி மலையில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. மார்க்கம் 1874-இல் அந்தச் சீமாட்டியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டு, விடுபட்ட எழுத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார்.

அவர் கட்சி வென்றதா? இல்லை. லின்னேயஸ் எழுதிய வடிவமே இன்றும் தாவரவியலில் நிலைத்திருக்கிறது. அதைவிட வேடிக்கை 1941-இல் நடந்தது. ஹேகிஸ் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களைச் சோதித்துப் பார்த்தார். மார்க்கம் போற்றிய ஆனா என்ற சீமாட்டி, பிரபு பெருவுக்குப் புறப்படும் முன்பே ஸ்பெயினில் இறந்துபோனவர்! உடன் சென்றவர் இரண்டாம் மனைவி. அவரும் இந்தப் பட்டையால் குணமடைந்தார் என்பதற்குச் சான்று இல்லை. ஓர் எழுத்துக்காக வாதாடியவர், ஆளையே மாற்றி எழுதிவிட்டார். சிவப்பு மை பிடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல பாடம்.

நோயின் பெயரும் அப்படித்தான். ‘மலேரியா’ என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. காற்றல்ல, கொசுவே காரணம் என்பதற்கான சான்றை 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பொருள் தவறான பெயர் இன்றும் வழங்குகிறது. யாரும் அதை மாற்றவில்லை. ஏனென்றால் அந்தப் பெயரைச் சொன்னால் எந்த நோய் என்பது எல்லாருக்கும் விளங்குகிறது.

பாட்டி சொன்ன இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய தகப்பனார் சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அக்காலத்தில் உலகத்துக் கொய்னாவில் மிகப் பெரும் பகுதி ஜாவாத் தீவில் விளைந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மருந்து விளைந்த மண் அவர்கள் கையில் இருந்தும், தண்டவாளம் போட்ட நம் மக்களுக்கு அது போதிய அளவு கிடைக்கவில்லை. காய்ச்சலிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ‘கொய்னா’ என்று பாட்டி சொல்லும்போது அந்த நினைவும் சேர்ந்தே வருகிறது. அதைத்தான் நான் ஒரு கோட்டால் அடித்திருந்தேன்.

அப்படியானால் எப்படி எழுதினாலும் சரிதானா? அங்கேதான் எச்சரிக்கை வேண்டும், நேயர்களே. பேச்சில் பெயர் திரிந்தால் குற்றமில்லை. மருந்துச் சீட்டில் திரிந்தால் ஆபத்து. அதே சின்கோனாப் பட்டையில் ‘குயினிடின்’ என்று இன்னொரு சத்தும் இருக்கிறது. அது இருதயத் துடிப்பைச் சீர்படுத்தப் பயன்பட்ட மருந்து. குயினின், குயினிடின்: நடுவில் ஓர் அசைதான் வேறுபாடு. வயிற்றுப் புண்ணுக்கான ‘லோசெக்’ என்ற மருந்து அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, உடலில் தேங்கிய நீரை வெளியேற்றும் ‘லாசிக்ஸ்’ என்ற மருந்தோடு குழம்பியது. அதனால் 1990-இல் அதன் பெயரையே ‘பிரிலோசெக்’ என்று மாற்றினார்கள்.

இத்தகைய குழப்பத்தைக் குறைக்கவே உலகச் சுகாதார நிறுவனம் ஒவ்வொரு மருந்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே பொதுப்பெயர் வைக்கும் முறையை 1950-இல் ஏற்றது. 1953-இல் முதல் பட்டியல் வந்தது. ‘பெனடால்’ என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். ‘பாரசிட்டமால்’ என்பது பொதுப்பெயர். கம்பெனி மாறினாலும் பொதுப்பெயர் மாறாது.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது, தம் துணிப்பையிலிருந்து இரண்டு மாத்திரைப் பைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று இனிப்பு நீருக்கு. மற்றொன்று இரத்தக் கொதிப்புக்கு. “பெரிய வெள்ளை காலையும் ராத்திரியும், சின்ன வெள்ளை காலையில மட்டும். போன மாசம் ரெண்டும் ஒரே அளவாக் கொடுத்துட்டாங்க, வாத்தியாரே. குத்துமதிப்பாத்தான் தின்னேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையின் அளவும் நிறமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவற்றை நம்பலாமா?

அன்றே அந்தச் சிறுவனை உட்காரவைத்தேன். பையில் அச்சிட்டிருந்த பெயரை உரோமன் எழுத்திலேயே, ஓர் எழுத்தும் விடாமல் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னேன். பக்கத்தில் தமிழில் ‘இனிப்பு நீர்: காலை, இரவு’, ‘கொதிப்பு: காலை மட்டும்’ என்று எழுதினான். பிறகு, பையில் உள்ளதும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இதைச் செய்யட்டும். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் காகிதத்தையும் மருந்துப் பைகளையும் கொண்டுபோங்கள். பெயரை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. சந்தேகம் வந்தால் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

கட்டுரையில் நான் அடித்த ‘கொய்னா’வை மீண்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.