டாக்டர் ராஜனின் எழுதுகோல்

திருவரங்கத்தில் 1880-இல் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் பர்மாவில் வைத்தியத் தொழில் புரிந்து, மேற்படிப்பிற்காக இலண்டன் சென்றார். ஆங்கே ‘இந்தியா ஹவுஸ்’ விடுதியில் வ. வே. சு. ஐயரோடு பழகினார். 1930-இல் இராஜாஜியின் வேதாரணிய உப்புப் படை, திருச்சியில் ராஜன் இல்லத்திலிருந்தே புறப்பட்டது. 1937-இல் அவர் சென்னை மாகாண அமைச்சரானார்.

நாடி பார்த்த கை முதுமையில் எழுதுகோலைப் பற்றியது. ‘நினைவு அலைகள்’ என்னும் சுயசரிதை பிறந்தது. அவர் எழுதாதிருந்தால், கடல் கடந்த அந்நாளைய தமிழரைப் பற்றிய பல செய்திகள் 1953-இல் அவரோடே மறைந்திருக்கும்.

அல்சூரை அடுத்த நம் ஜோகுபாளையத்திற்குத் தமிழ்க் குடும்பங்கள் வந்த கதையும் முதியோர் நெஞ்சிலேயே உறைகின்றது. அன்னார் சொல்ல, இளைஞர் இன்றே எழுதி வைப்பாராக!